நெல்லைப் பக்கம் வெளிநாட்டு முதலீடு வர என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். திருநெல்வேலியைச் சுற்றித் தரிசு நிலம் நிறையக் கிடக்கிறது, தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, இன்ஜினியரிங் கல்லூரிகளிலிருந்தும் பாலிடெக்னிக்குகளிலிருந்தும் வருஷா வருஷம் பிள்ளைகள் படித்து வெளியே வந்து நேராகச் சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏறுகிறார்கள். அப்படியிருக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் ஏன் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் என்றே போகின்றன, வரிச் சலுகையைக் கூட்டிக் கொடுத்தால் இந்தப் பக்கம் திரும்புவார்களா, உள்ளூர் வர்த்தகச் சங்கத்தில் இருக்கிற உங்களைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. ஒரு கம்பெனி இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பது ஒன்று. அதில் எந்தப் பங்கு ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் யாரும் சரியாகப் பதில் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பல வருஷமாக வெளிநாட்டு உற்பத்திக் கம்பெனிகளுக்குத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இடம் பார்த்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். நிலம், மின்சாரம், தண்ணீர், அனுமதி, ஆள் என்று எல்லாவற்றையும் முன்கூட்டி விசாரித்து அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ஐ.டி. கம்பெனிகள், வங்கிகளின் பின்னலுவலகங்கள் எல்லாம் வேறு கணக்கு, அது என் துறை இல்லை. கீழே சொல்வதெல்லாம் தொழிற்சாலைகளைப் பற்றியது மட்டும்.

முதலில் வரிச் சலுகை. சலுகை வேண்டாம் என்று எந்தக் கம்பெனியும் சொல்லாது. ஆனால் நான் பார்த்தவரை, பத்துப் பன்னிரண்டு இடங்களை மூன்றாக்குகிற முதல் சுற்றில் சலுகை என்கிற வரியே பட்டியலில் கீழேதான் இருக்கும். கடைசியில் ஒன்றுக்கொன்று சமமாக இரண்டு இடங்கள் நிற்கும்போதுதான் எந்த மாநிலம் எவ்வளவு தருகிறது என்று கணக்குப் போடுவார்கள். சலுகை முதலீட்டை இழுக்கிறதா, எப்படியும் வந்திருக்கப் போகிறவனுக்கே பணத்தைக் கொடுக்கிறோமா என்பதில் பொருளாதார ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து கிடையாது, அதனால் நான் சொல்வதை அனுபவத்திலிருந்து வந்த கணிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 2021 தொழில் கொள்கையிலேயே தமிழ்நாடு மாவட்டங்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து, தெற்கு மாவட்டங்களுக்குச் சென்னையைச் சுற்றியிருக்கும் மாவட்டங்களைவிட அதிகச் சலுகை வைத்தாயிற்று. அதற்கு முன்பிருந்த கொள்கைகளிலும் தெற்குக்குத் தனிச் சலுகை இருந்தது. சலுகை மட்டும் போதுமென்றால் இந்நேரம் உங்கள் மாவட்டத்து நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலம் நிரம்பியிருக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர் ஒரே நாளில் வந்த ஊர் இல்லை என்பதையும் மறந்துவிடுகிறோம். 1990களின் நடுவில் மறைமலை நகருக்கு ஃபோர்டும், 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாயும் வந்ததைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட், பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, கிண்டியிலும் அம்பத்தூரிலும் அரசு கட்டிய தொழிற்பேட்டைகள், பாடியிலும் சுற்றுப்பட்டிலும் டி.வி.எஸ். குழுமத்தின் உதிரிபாகக் கம்பெனிகள் என்று அதற்கு முன் நாற்பது ஐம்பது வருஷமாக அங்கே உலோகத்தை வெட்டி, கடைந்து, அளந்து பழகிய கைகள் உருவாகியிருந்தன. ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கில் உதிரிபாகம் வேண்டும், அதில் பாதியைச் செய்யத் தெரிந்தவன் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான் என்பதுதான் அந்தக் கொரியக்காரர்களுக்கு முக்கியம். மீதிக்கு அவர்களே தங்கள் நாட்டு உதிரிபாகக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். கார்க் கம்பெனியை நெல்லைக்குக் கூப்பிடும்போது இத்தனையும் சேர்த்துத்தான் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் எங்கள் வேலையில் முதல் கேள்வியே எந்தத் தொழில் என்பதுதான். தொழிலுக்குத் தொழில் அது தேடும் ஊர் வேறு. செல்போன் தயாரிப்பவன் விமான நிலையத்தைப் பார்ப்பான், ஏனென்றால் சரக்கு விமானத்தில் போகிறது. கார் செய்பவன் துறைமுகத்தையும் உதிரிபாகக்காரனையும் பார்ப்பான். ஸ்போர்ட்ஸ் ஷூ தைப்பவன் ஆட்களைப் பார்ப்பான். திருவண்ணாமலை மாவட்டம் செய்யாற்றில் தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் ஷூ தொழிற்சாலை இருக்கிறது. பல ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். விடியற்காலையில் அந்தப் பக்கம் போனால் கம்பெனி பஸ்கள் வந்தவாசி, போளூர் வரை கிராமம் கிராமமாக நின்று ஆளேற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அந்தத் தொழிலுக்குப் பக்கத்தில் ஐம்பது வருஷ உலோகப் பாரம்பரியம் தேவையில்லை. வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் பத்தாயிரம் பெண்கள் வேலைக்குத் தயாராக இருந்தால் போதும். 2022இல் அரசு காலணிக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, பனப்பாக்கம் என்று இன்னும் சில தைவான் கம்பெனிகள் வர ஒப்பந்தம் போட்டிருப்பதும் இதனால்தான். பெரம்பலூரில் வேலை தொடங்கியும் விட்டது. இந்த ஊர்கள் எதுவும் துறைமுகத்துக்குப் பக்கம் இல்லை, விமான நிலையத்துக்கும் பக்கம் இல்லை.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் கம்பெனி தன் சோலார் தகடு தொழிற்சாலையை ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் வைத்தது. நம் நாட்டு டாடா பவர் தன்னுடையதை உங்கள் கங்கைகொண்டானில் இருக்கும் சிப்காட்டில், அதாவது அரசுத் தொழிற்பூங்காவில், வைத்தது. ஏறத்தாழ ஒரே பொருள், ஒரே மாநிலம், ஒரே காலகட்டம். வெளிநாட்டுக்காரன் தனக்குத் தெரிந்த, தன்னைப் போன்றவர்கள் ஏற்கெனவே இருக்கிற இடத்துக்குப் போகிறான். உள்நாட்டுக்காரன் புது இடத்தில் இறங்கிப் பார்க்கத் துணிகிறான். இது என் யூகம்தான், அந்தக் கம்பெனிகள் இப்படிச் சொன்னதில்லை. ஆனால் இதே போக்கை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எனவே தெற்கில் வெளிநாட்டு முதலீடு வேண்டுமென்றால் முதலில் உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் நான்கைந்து வந்து காலூன்றுவதை அலட்சியமாக நினைக்காதீர்கள். அடுத்து வருகிறவன் போன் போட்டு விசாரிப்பது அவர்களிடம்தான்.

இப்போது நிலம். தரிசாகக் கிடக்கிறது என்றீர்கள். பார்வைக்குத் தரிசு. பத்திரத்தில் அது வேறு. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் நாங்கள் பார்க்கும் நிலங்களில் எப்போதும் வருகிற கதை இது: நூற்றைம்பது ஏக்கர் ஒரே விரிப்பாகத் தெரியும், நெடுஞ்சாலையும் பக்கம். புல வரைபடத்தை விரித்தால் நடுவில் ஓடைப் புறம்போக்கு ஒன்று குறுக்கே போகும், ஒரு ஓரத்தில் வண்டிப்பாதை, ஒரு மூலையில் சுடலைமாடன் பீடம், நான்கைந்து சர்வே எண்களில் கூட்டுப்பட்டா. கூட்டுப்பட்டாவில் தாத்தா பெயர் இருக்கும், தாத்தா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கும், வாரிசுகளில் இரண்டு பேர் மும்பை தாராவியில், ஒருவர் மலேசியாவில். வில்லங்கச் சான்றிதழில் 1980களில் வைத்த ஒரு அடமானம் தீர்த்ததாகப் பதிவாகாமலே கிடக்கும். இதை எல்லாம் சரிசெய்ய முடியும், ஆனால் இரண்டு வருஷம் ஆகும். வெளிநாட்டுக் கம்பெனியின் இயக்குநர் குழு ஒரு தொழிற்சாலைக்கு ஒப்புதல் கொடுக்கும்போது பதினெட்டு மாதத்தில் உற்பத்தி என்று எழுதித்தான் ஒப்புதல் கொடுக்கிறது. இந்த இரண்டு கணக்கும் ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் சிப்காட் மாதிரி ஒரு அரசு நிறுவனம் முன்கூட்டியே நிலத்தை எடுத்து, சாலை போட்டு, வரைபட ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும் இடமாகப் பார்த்து எல்லோரும் போகிறார்கள். சிப்காட் 1971இல் ராணிப்பேட்டையில் தொடங்கியதிலிருந்து அதன் பெரிய பலமே இதுதான்.

ஆனால் நிலத்தை எடுத்து வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு நாங்குநேரி உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஏறத்தாழ 2,500 ஏக்கர் ஒதுக்கி, இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அங்கிருந்து வெகுதூரம் இல்லாத கங்கைகொண்டானில், பிற்காலத்தில் ஜப்பானின் யோகோஹாமா கைக்குப் போன ஏ.டி.சி. டயர் தொழிற்சாலை, விவசாய வண்டிகளுக்கும் கனரக வண்டிகளுக்குமான டயர்களைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒரே மாவட்டம். ஒன்றில் மின்சாரமும் தண்ணீரும் சாலையும் நிலத்தோடு சேர்ந்தே இருந்தன, பொறுப்பாக ஒரு நிறுவனம் இருந்தது. இன்னொன்றில் பெரிய வரைபடம் இருந்தது. டயர் எடை அதிகமான சரக்கு, துறைமுகத்துக்கு அருகில் இருப்பது லாபம் என்பதையும் கவனியுங்கள். உங்கள் ஊரின் இயல்புக்குப் பொருந்திய தொழில் அது.

இடம் பார்க்க வரும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் கேட்பது ஊர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். வரவேற்புக்கு மாலையோடு நிற்பவர்களைத் தாண்டிப் போய் மின்வாரிய உதவிப் பொறியாளரிடம், பக்கத்துத் துணை மின்நிலையத்தில் போன வருஷம் எத்தனை தடவை மின்சாரம் தட்டியது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் என்று பதிவேட்டைக் கேட்பார்கள். மாதம் ஒருநாள் அறிவித்துவிட்டு நிறுத்துவது அவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. சொல்லாமல் ஒரு நொடி தட்டிவிட்டு வருகிறதே, அதுதான் தொல்லை. பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் அந்த ஒரு நொடியில் நின்றுவிடும், உள்ளே உருகியிருப்பதை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, மறுபடி சூடேற்றி, சரியான பீஸ் வருவதற்குள் நேரமும் பொருளும் போய்விடும். ஜெனரேட்டர் வைத்தாலும் அந்த நொடி போனது போனதுதான். அந்தப் பதிவேட்டைத் தயங்காமல் எடுத்துக் காட்டும் ஊர் எது என்று எங்களுக்குத் தெரியும், அந்த ஊரைத்தான் முதலில் அழைத்துப்போவோம்.

மின்சாரத்தில் உங்களுக்கு ஒரு பெரிய வாய்ப்பும் இருக்கிறது, யாரும் சரியாகச் சொல்லிக்கொள்வதில்லை. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்றாலை, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருள் அனுப்பும் கம்பெனிகளை அவர்கள் வாடிக்கையாளர்கள் இப்போது கேட்பது, நீ பயன்படுத்தும் மின்சாரத்தில் எவ்வளவு காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருகிறது என்று. முன்பு இது கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி, இப்போது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. மின்சாரம் ஒரே கட்டமைப்பில்தான் ஓடுகிறது, சென்னையில் இருப்பவனும் ஒப்பந்தம் போட்டு உங்கள் காற்றை வாங்கலாம் என்பது உண்மை. ஆனாலும் உற்பத்தியாகும் இடத்திலேயே இருப்பதைச் சொல்லி விற்கத் தெரிந்தால் அது பலம்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கங்கைகொண்டானில் தாமிரபரணித் தண்ணீரைக் குளிர்பானக் கம்பெனிகளுக்குக் கொடுப்பதை எதிர்த்து நடந்த போராட்டமும், 2016 கடைசியில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை போட்டதும், 2017 மார்ச்சில் தடை நீங்கியதும் உங்களுக்கு நன்றாகவே தெரியும். போராடியவர்கள் மேல் நான் குறை சொல்லமாட்டேன். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று கவலைப்படுகிற விவசாயிக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் ஒரு முதலீட்டாளர் அதை வேறு மாதிரிப் படிக்கிறார்: இந்த ஊரில் எனக்குக் கொடுத்த தண்ணீர் எனக்கு நிலைக்குமா? இதற்கு விடை, தண்ணீர் அதிகம் குடிக்காத தொழிலைத் தேடுவது. இல்லையென்றால் சுத்திகரித்த கழிவுநீரையோ கடல்நீரைக் குடிநீராக்கியோ கொடுப்பது. ஆற்றைக் காட்டிக் கூப்பிடாதீர்கள்.

துறைமுகம் பக்கத்தில் என்பதும் பாதி உண்மை. வ.உ.சி. துறைமுகம் நல்ல துறைமுகம், ஆனால் இங்கிருந்து போகும் கன்டெய்னர்களில் பெரும் பங்கு ஃபீடர் எனப்படும் சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் போகிறது. அதில் சில நாட்களும் செலவும் கூடுகின்றன. அமெரிக்கக் கடைக்காரர் வியாழக்கிழமைக்குள் சரக்கு வேண்டும் என்று சொல்லும் தொழிலுக்கு அது இடைஞ்சல், டயருக்கும் காற்றாலை இறக்கைக்கும் அவ்வளவு இல்லை. மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: எந்தத் தொழில்?

ஆட்கள் விஷயத்தில் எல்லோரும் எண்ணிக்கையைச் சொல்வார்கள், தங்குமிடத்தைச் சொல்லமாட்டார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள், ஐபோன் செய்யும் ஆலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு அரசு வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் எத்தனையோ பேர் உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள். இருபது வயதில் ஊரைவிட்டு அறுநூறு கிலோமீட்டர் போய், ஒரு அறையில் கூட்டமாகத் தங்கி, மூன்று ஷிப்டில் வேலை செய்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அந்தத் தொழிற்சாலையில் ஒரு பகுதியாவது அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றும். உங்கள் கேள்வியை நான் முக்கியமாக நினைப்பதற்கும் அதுதான் காரணம். வீட்டிலிருந்தே வேலைக்கு வரும் பெண்ணுக்கு விடுதிச் செலவு இல்லை, அவ்வளவு சீக்கிரம் வேலையை விடவும் மாட்டாள். இதை உங்கள் மாவட்டத்தின் கணக்காகப் போட்டுக் காட்டலாம்.

வறண்ட, ஒதுக்குப்புறமான மாவட்டத்தால் முடியவே முடியாது என்று நினைக்கவேண்டாம். ஆந்திராவின் பிரிக்கப்படாத பழைய அனந்தபுரம் மாவட்டம், நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. கடலும் இல்லை. அங்கே பெனுகொண்டாவுக்குக் கொரியாவின் கியா 2017 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டு, 2019 ஆகஸ்டில் அங்கே செய்த செல்டோஸ் காரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த ஊர் பெங்களூர்-ஹைதராபாத் நெடுஞ்சாலையில் இருக்கிறது, பெங்களூர் விமான நிலையம் கிட்ட, கியாவின் மூத்த கம்பெனியான ஹூண்டாயின் உதிரிபாகக்காரர்கள் சென்னையில், தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து நீர்த்தேக்கத்திலிருந்து அரசே கொடுத்தது. ஆக இல்லாததை எல்லாம் உருவாக்கவில்லை, இருந்தவற்றைச் சேர்த்து, குறைந்த ஒன்றைச் சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுத்தார்கள். அதற்கு ஈடாக ஆந்திர அரசு கொடுத்த சலுகைகள் செலவுக்குத் தகுந்த பலன் தந்தனவா என்பது தனி விவாதம், அதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

வந்தவர்கள் போவதையும் பேசவேண்டும். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது, உச்சத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை, அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள். 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடிவிட்டார்கள். ஒரு பக்கம் செல்போன் சந்தையில் நோக்கியா தோற்றது, இன்னொரு பக்கம் வரித் துறைகளோடு வழக்கு, அந்த வழக்கால் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை மட்டும் சேராமல் வெளியே நின்றது. இதில் எது எவ்வளவு காரணம் என்று பிரிக்க முடியாது, சந்தையில் தோற்றதே பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆனால் நான் சொல்லவந்தது அடுத்தது. அங்கே பழகிய தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அப்படியே இருந்தார்கள். சில வருஷத்தில் அதே வளாகத்தை சார்ஜர் செய்யும் சால்காம்ப் எடுத்துக்கொண்டது, ஃபாக்ஸ்கான் திரும்பி வந்து அதே பகுதியில் ஐபோன் செய்கிறது. கம்பெனி போய்விட்டாலும் கற்றுக்கொண்ட கை ஊரில் தங்கினால் அடுத்தவன் வருவான். ஒரே கம்பெனியை நம்பிய ஊரில் அந்தக் கையும் பஸ் ஏறிவிடும்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் பினாங்கு. மலேசியத் தமிழர்கள் இதைப் படித்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 1969இல் அந்தத் தீவின் சுதந்திரத் துறைமுக அந்தஸ்து போய், வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. அப்போது முதலமைச்சரான லிம் சோங் யூ அதே வருஷம் ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தார், 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வளையம், அதே வருஷம் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே திறந்தது. ஹெச்.பி., ஏ.எம்.டி., போஷ், ஹிட்டாச்சி எல்லாம் அந்த முதல் கூட்டத்தில் வந்தவைதான். கூப்பிட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. 1989இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு திறன் பயிற்சி மையத்தை நடத்தத் தொடங்கினார்கள். எந்த இயந்திரத்தில் பயிற்சி வேண்டும் என்று கம்பெனியே சொல்லும், கருவியையும் சொல்லிக்கொடுப்பவரையும் கம்பெனியே அனுப்பும். அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து சோதனைக் கருவி, தானியங்கி இயந்திரம் என்று சொந்தக் கம்பெனி தொடங்கி, தங்கள் பழைய முதலாளிக்கே சப்ளை செய்கிறார்கள். ஐம்பது வருஷம் கழித்தும் இன்டெல் அங்கே புதிதாகப் பணம் போடுவதற்கு இவர்கள்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பினாங்கு ஒரு சிறிய மாநிலம், நம் மாவட்டம் ஒன்றோடு ஒப்பிடத் தகுந்தது. ஆனால் அதற்குச் சொந்தமாக ஒரு அரசும் கழகமும் இருந்தன, நெல்லைக்கு இல்லை. அந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு பினாங்கை உதாரணம் காட்டுவது சரியல்ல.

இப்போது வின்ஃபாஸ்ட். வியட்நாம் கம்பெனி, தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்டில் 400 ஏக்கர், 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்ட் 4இல் திறப்பு, முதல் கட்டத்தில் வருஷத்துக்கு 50,000 மின்சாரக் கார்கள் செய்யும் திறன். பதினெட்டே மாதத்தில் தெற்கில் ஒரு கார் தொழிற்சாலை எழும்பியது உண்மையிலேயே பெரிய செய்தி, நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் இப்போதைக்கு அங்கே நடப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் வேலை. உதிரிபாகக்காரர்கள் பின்னாலேயே வருவார்களா என்பது கார் எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்தது, யாரும் இப்போதே உறுதி சொல்ல முடியாது. வருஷத்துக்குச் சில ஆயிரம் சீட்டு செய்வதற்காக ஒருவன் தனியாக ஆலை கட்டமாட்டான். ஒரு லட்சம் என்றால் கட்டுவான்.

செய்தித்தாளில் வரும் தொகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம், 2015இல் 2.42 லட்சம் கோடி என்று வந்ததெல்லாம் விருப்பத்தின் கணக்கு, வங்கியில் வந்த பணத்தின் கணக்கு இல்லை. பல வருஷத்துக்குப் பரந்த தொகை, உள்நாட்டுக் கம்பெனிகளும் அதில் சேர்த்தி. ஒரு பகுதி நடக்கும், ஒரு பகுதி சுருங்கும், ஒரு பகுதி காணாமல் போகும். நேரடி அன்னிய முதலீட்டின் மாநில வாரிப் புள்ளிவிவரமே 2019 அக்டோபரிலிருந்துதான் ஒழுங்காக வருகிறது, அதுவும் கம்பெனியின் அலுவலகம் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். ஆலை தூத்துக்குடியில், அலுவலகம் சென்னையில் என்றால் உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு வந்தது என்பது எந்த அட்டவணையிலும் தெரியாது. அதனால் உங்கள் சங்கம் தொகையை எண்ணவேண்டாம். எத்தனை மின் இணைப்பு ஓடுகிறது, எத்தனை பேருக்குப் பி.எஃப். கட்டுகிறார்கள் என்று எண்ணுங்கள்.

நிலம் எடுப்பதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செய்யாறு பக்கத்து மேல்மாவே போதும். சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் எடுப்பதை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தூத்துக்குடி 2018ஐப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் இதை எல்லாம் படிக்கின்றன. ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. நிலத்தைக் கொடுக்கிறவனுக்கு நியாயமான விலையும் வீட்டில் ஒருவருக்கு வேலையும் எழுத்தில் கிடைக்காத இடத்தில் தொழிற்சாலை வருவது சரியே இல்லை, அது ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? டோக்கியோவுக்கும் சியோலுக்கும் கடிதம் எழுதுவதை விடுங்கள், அது முதலீட்டாளர்களை அழைத்துவரும் அரசின் கைடன்ஸ் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் வேலை. கங்கைகொண்டானில் ஏற்கெனவே ஓடும் ஆலைகளின் மேலாளர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பாருங்கள். எதை இன்னும் சென்னையிலிருந்தும் புனேயிலிருந்தும் வரவழைக்கிறீர்கள், எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் வெளியூரிலிருந்து கொண்டுவருகிறீர்கள், போன வருஷம் எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு எத்தனை நாள் கிடந்தது என்று இந்த மூன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள். முதல் பதில் உங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கான ஆர்டர் பட்டியல். இரண்டாவதைப் பேட்டை ஐ.டி.ஐ. முதல்வரிடமும் பாலிடெக்னிக்குகளிடமும் கொண்டுபோங்கள். மூன்றாவதைக் கலெக்டரிடம் கொண்டுபோங்கள், புகாராக இல்லாமல் தேதியும் கோப்பு எண்ணும் போட்ட பட்டியலாக. எல்லா அனுமதிக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் ஒற்றைச் சாளர முறைக்கு 2018லேயே சட்டம் வந்துவிட்டது, மாவட்ட அளவிலும் அதற்குக் குழு உண்டு. அந்தக் குழுவின் முன்னால் குறிப்பிட்ட கோப்போடு போய் நிற்பவர்களுக்குப் பதில் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன், பொதுவாகக் குறை சொன்னவர்களுக்குக் கிடைத்ததில்லை.

அதோடு ஐம்பதிலிருந்து நூறு ஏக்கர் வரை, அதற்கு மேல் வேண்டாம், பட்டாவும் வில்லங்கமும் சுத்தமாக, ஓடையும் பாதையும் குறித்த வரைபடத்தோடு, பக்கத்துத் துணை மின்நிலையத்தின் மின்தடைப் பதிவோடு, பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் வேலைக்கு வரத் தயாராக இருக்கும் ஆண், பெண் கணக்கோடு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். சிப்காட் நிலமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு நல்ல சர்வேயரும் ஒரு வக்கீலும் ஊரில் பொறுமையாக வீடு வீடாகப் போகக்கூடிய நான்கு பேரும் இருந்தால் ஒரு வருஷத்தில் முடிகிற வேலை இது. இப்படி ஒரு கோப்பை எந்த மாவட்டத்துச் சங்கமும் எங்கள் மாதிரி ஆட்கள் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. கொடுத்தால், அடுத்து இடம் கேட்டு வருகிறவனை நாங்கள் முதலில் அங்கேதான் கூட்டிவருவோம், எங்கள் அறிக்கையில் பாதி அங்கேயே எழுதி முடிந்திருக்கிறதே.